சோற்றுக்கு முன்னால் ஒரு வாய்க் கிழங்கு

தம்பி,

பையைப் பிரித்ததும் கிழங்கைத் தரையில் கொட்டிப் பரப்பி வை. ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதே, உள்ளே கெட்டியாகிப் போய் வேகாமல் கிடக்கும். வெயிலிலும் வேண்டாம். சமையல்கட்டு ஓரமாக, காற்றுப் படுகிற இடத்தில் கிடக்கட்டும். தோண்டிச் சில நாள் ஆகிறது, இப்போதுதான் இனிப்பு ஏறியிருக்கும். உனக்கும் வினோதினிக்கும் அவித்துத் தின்ன அம்மா சர்க்கரைவள்ளிக் கிழங்கு அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. மிச்சம் இருந்தால் தின்னுங்கள். இது யாழினிக்கு. பாலைத் தவிர அவள் வாயில் முதலில் போகப்போகிறது இதுதான். இதைப் போனில் சொன்னால், "சரிம்மா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். நானும் பாதியில் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால் எழுதி, பெரம்பலூர் மார்க்கெட்டுக்கு வருகிற வேனில் கிழங்கோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, பொறுத்துப் படி. இதில் யாருக்கும் மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. வினோதினிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. பங்காளி வீட்டில் எவராவது கேட்டால் அவர்களுக்கும் காட்டு.

உன் அப்பா ஆவணியில் போனார். யாழினிக்கு அப்போது கழுத்துகூடச் சரியாக நிற்கவில்லை. வருஷத் திதி முடிகிறவரை நம் வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, குலசாமி கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று உன் பெரியப்பா சொன்னார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவர் இல்லாமல் எந்தப் பண்டிகை எனக்கு இனித்துக் கிடக்கிறது? ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் குழந்தையின் வயிறும் சேர்ந்து மாட்டிக்கொண்டது எனக்குத் தெரியாமல் போயிற்று. நம் குடும்பத்தில் பிள்ளைக்கு முதல் சோறு குலசாமி கோயிலில்தான், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான். அதற்கு முன்னால் வேறு எதுவும் வாயில் படக்கூடாது. கோயிலுக்கு வருஷம் முடிந்த பிறகுதான் போகலாம். ஆகவே வருஷம் முடிகிறவரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய். அடுத்த ஆவணி வரைக்கும் காத்திருந்தால், அவளை நீ தூக்கிக்கொண்டு போக வேண்டியதே இல்லை, அவளே நடந்து கோயிலுக்கு வந்துவிடுவாள்.

போன வாரம் மீன்சுருட்டியில் பஸ் ஏறி, ஜெயங்கொண்டத்தில் மாறி, அரியலூரில் மாறி, உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. வினோதினி சோறு போட்டாள். யாழினி உன் மடியில் இருந்தாள். நான் ஒரு வாய் பிசைந்து எடுத்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். கை மேலே போகப் போக அவள் கண்ணும் கூடவே மேலே வந்தது. நான் வாயைத் திறந்தபோது அவளும் திறந்தாள். நான் மென்றேன், அவள் வெறும் வாயை மென்றாள். எச்சில் வழிந்து உன் கைமேல் சொட்டியது. நீ அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, "அங்க பாரு, பல்லி பாரு" என்றாய். அவள் பல்லியைப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து வளைத்து என் தட்டையே பார்த்தாள்.

"டேய், அதுக்குப் பசிக்குதுடா" என்றேன்.

"இப்பதாம்மா பால் குடிச்சா."

"பால் குடிச்ச புள்ள எம் மூஞ்சிய ஏன்டா இப்புடிப் பாக்குது?"

"எல்லாத்தையுந்தான் பாக்குறா. ஃபேனையுந்தான் பாக்குறா. அதுக்காக ஃபேனைக் கழட்டிக் குடுத்துற முடியுமா?"

வினோதினி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சொன்ன நீ மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு வருஷந்தானேம்மா. அப்பாவுக்கு நான் வேற என்னம்மா செஞ்சேன்?" என்றாய். கையில் எடுத்த வாயைத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

சாயங்காலம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வினோதினி என்னை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அங்கே வைத்துத்தான் வாயைத் திறந்தாள். "அத்த, இப்பல்லாம் நான் அடுப்படியில நின்னுக்கிட்டேதான் சாப்புடுறேன். இவ பாக்குறப்ப எனக்கு எறங்க மாட்டேங்குது. அங்கன்வாடியில எடை போட்டாங்க. போன மாசம் நின்ன எடத்துலயே நிக்கிதாம். என்னம்மா ஊட்டுறன்னு டீச்சர் கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல? பருப்பு சாதம்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவங்கிட்டச் சொன்னியா?"

"எப்புடிச் சொல்றது? மாமா பேர எடுத்தாலே ஒடஞ்சு போறாரு. இதையுஞ் சொன்னா தாங்குவாரா?"

இதை நான் எழுதிவிட்டேன் என்று அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உன் மனசு நோகக்கூடாது என்று பெற்ற பிள்ளையின் எடையை வாய்க்குள்ளேயே வைத்திருந்தவள் அவள். புருஷனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒருத்தியை நிற்க வைத்து, அவளைச் சமையல்கட்டில் ஒளிந்து சாப்பிட வைத்திருக்கிறோம். அது நல்ல வீட்டுக்கு அழகில்லை. இதைப் படித்து முடித்ததும் அவளை உன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் பிள்ளையைக் கையில் வாங்கவில்லை என்று நீ வருத்தப்பட்டாயாம். "தாலி இல்லைன்னு அம்மாவே ஒதுங்குறாங்க" என்றாயாம். போடா. அந்த எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது. நான் முந்திரி உடைக்கிறவள். கொட்டைத் தோட்டில் இருக்கிற பால் பட்டுப் பட்டு என் விரல் நுனியெல்லாம் உரிந்து கிடக்கிறது. எனக்கே அப்படி எரிகிறது, பச்சைப் பிள்ளைத் தோலில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும். அதனால்தான் தொடவில்லை. கை ஆறட்டும், வந்து தூக்கினால் நீங்கள் கேட்டாலும் திருப்பித் தரமாட்டேன்.

அப்பாவுக்கு வேறு என்ன செய்தேன் என்று நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நீ வந்து சேருவதற்குள் அப்பா போய்விட்டார். அதுதான் உன்னை உள்ளே போட்டு அறுக்கிறது என்று எனக்குத் தெரியும். தம்பி, அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மோட்டார் கொட்டகை ஓரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அதே கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த நானே ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. பெரம்பலூரில் இருந்து எந்த பஸ்ஸில் ஏறினாலும் நீ வந்திருக்க முடியாது. அவர் உன்னைத் தேடவும் இல்லை, உன்னைக் குறை சொல்லவும் இல்லை. அதற்கு அவருக்கு நேரமே இருக்கவில்லை. உன்மேல் ஒரு குற்றமும் இல்லாதபோது அதற்கு என்ன அபராதம்? அப்படியே கட்டித்தான் தீருவேன் என்றாலும் அதை நீ கட்டு. உன் மகள் தலையில் கட்டாதே.

எனக்குத் துக்கம் இல்லாமல் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முந்திரி உடைக்கும்போது அவர் துண்டைத்தான் மடியில் விரித்துக்கொள்கிறேன். "கறை புடிச்சா போவாதுக்கா" என்று கூட வேலை செய்கிறவள் சொன்னாள். போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொங்கல் வருகிறது, தெருவில் எல்லா வீட்டுக்கும் வெள்ளை அடிக்கிறார்கள். நம் வீட்டுச் சுவர் மட்டும் மழைக்கறையோடு நிற்கிறது, நிற்கட்டும். சொந்தக்காரர் கல்யாணம் எதற்கும் நான் போவதில்லை. இந்த வருஷம் முழுவதும் அவருக்கு. ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டேன். நீயும் இருந்துகொள். தாடி வளர்க்கத் தோன்றினால் வளர்த்துக்கொள், கறி வேண்டாம் என்றால் விட்டுவிடு. பெரியவர்கள் நாம் எதையும் விடலாம், நம் உடம்பு வளர்ந்து முடிந்துவிட்டது. அவளுக்கு இப்போதுதான் எலும்பு பிடிக்கிறது. தாத்தா செத்ததற்கு அழக்கூடத் தெரியாத பிள்ளையைத் துக்கம் காக்க வைப்பது என்ன நியாயம்?

நீ முதன்முதலில் தின்றது கோயில் சோறு என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? உன் மாமன் மடியில் உட்கார்ந்து வாயெல்லாம் பொங்கலாக ஒரு போட்டோ இருக்கிறதே, அதற்கு வெகு முன்னாலேயே நீ தின்ன ஆரம்பித்துவிட்டாய். இதை உன்னிடம் யாரும் சொன்னதில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் அப்பத்தா செத்துப்போனார். இதே மாதிரிதான், வருஷம் முடிகிறவரை எதுவும் கிடையாது என்று கட்டுப்பாடு. உன் அப்பாவுக்குத் தாய் என்றால் உயிர். கருமாதி முடிந்தும் பல நாள் சரியாகப் பேசாமல் இருந்தார். அந்தச் சமயத்தில் கரும்பு வெட்டப் போன இடத்தில் காலில் அரிவாள் பட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். நான் நடவுக்குப் போவேன். உன்னை அவர் பக்கத்தில் போட்டுவிட்டுப் போய், நடுவில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவேன். ஒரு நாள் நாற்றுக் கட்டு மிச்சம் கிடக்கிறது, முடித்துவிட்டுத்தான் கரையேற வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். நீ இங்கே கத்து கத்து என்று கத்தியிருக்கிறாய். அவர் என்னதான் செய்வார்? மத்தியானத்துக்கு ஆகட்டும் என்று அடுப்புச் சாம்பலில் ஒரு கிழங்கு புதைத்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். அதை எடுத்துத் தோலை உரித்து, விரலால் நசுக்கி, வெந்நீர் விட்டுக் குழைத்து ஊட்ட ஆரம்பித்துவிட்டார். சேற்றுக் காலோடு நான் வந்து பார்த்தால் உன் காதில் கிழங்கு, மூக்கில் கிழங்கு, அவர் மீசையில் கிழங்கு. பக்கத்து வீட்டுக்காரி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"ஏன்டா, ஒம் பொண்டாட்டி எங்கடா போனா? மீச வச்ச ஆம்பள புள்ளைக்கு ஊட்டிக்கிட்டுக் கெடக்க!"

"அவ நடவுக்குப் போயிருக்கா. எனக்கு மீச இருக்குன்னு எம்புள்ள பசிக்காம இருக்குமா? சும்மா நிக்கிறதுக்கு நீ போயி ஒம் புருஷனுக்கு ஊட்டு, போ."

பல நாள் கழித்து அவர் அப்படிப் பேசியதைக் கேட்டதில் நான் உன்னைத் தூக்கக்கூட மறந்து நின்றேன். அன்றைக்குச் சாயங்காலமே உன் பெரியப்பா வந்துவிட்டார். வேலிக்காரி சொல்லியிருப்பாள்.

"வருஷம் முடியலயேடா. சாமி முன்னால வச்சு ஊட்டாம எப்புடிடா வாயில வச்ச?"

"சோறு நீ சொல்ற அன்னிக்கு, நீ சொல்ற எடத்துல ஊட்டுறேன்ணே. இது கெழங்கு."

"கெழங்குன்னா மட்டும்?"

"கெழங்குக்கு எந்தச் சாமிண்ணே வருஷக் கணக்கு வச்சிருக்கு?"

"பேசு, பேசு. கோர்ட்டுல போயி நிக்க வேண்டியவன்டா நீ."

உன் அப்பா சிரிக்கவில்லை. "அம்மா இருந்தா இந்தப் பயல இப்புடிக் கத்த வுட்டுருக்குமாண்ணே? நீயே சொல்லு" என்றார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து நீ தினமும் கிழங்கு தின்றாய். வருஷம் முடிந்ததும் கோயிலில் சோறும் தின்றாய். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, நீயும் வாசல் நிலையில் தலை இடிக்கிற மாதிரி வளர்ந்து நிற்கிறாய். தாய்க்காக அவ்வளவு துக்கப்பட்ட மனுஷன், உன்னை ஒரு வேளை பசியில் விடவில்லை. அவருக்கு மரியாதை என்று சொல்லி நீ இப்போது செய்கிற காரியத்தை அவர் செய்ததே இல்லை.

பெரம்பலூரில் இருந்து வந்த மறுநாள் காலையிலேயே உன் பெரியப்பாவைத் தேடிப் போனேன். பொங்கல் சந்தைக்காகக் கொல்லையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன்.

"மாமா, புள்ளைக்கு ஊட்டப்போறோம்."

"எங்க?"

"பெரம்பலூர்ல, அவுங்க வூட்டுல."

"ஏம்மா, வருஷம் இருக்கேம்மா..."

"வருஷம் அப்புடியே இருக்கட்டும் மாமா. சோறு கோயில்ல, நீங்க சொல்ற அன்னிக்கு. இப்பக் குடுக்கப் போறது கெழங்கு."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதயேதானம்மா அவனுஞ் சொன்னான்" என்றார். அப்புறம் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஏதோ சட்டம் பேசுறேன்னு நெனக்கிறீங்க. தம்பியத் தூக்கிப் போட்டுட்டு வந்தவன் நான். எனக்குப் பொறவு போவ வேண்டியவன் அவன். நான் வேற என்னதாம்மா செய்வேன் அவனுக்கு? பொங்கல் வேணாம், கோயில் வேணாம்னு சொல்றேன். அதையாச்சும் சொல்றனே." மண் கையால் கண்ணைத் துடைத்தார். கண்ணுக்குள் மண் விழுந்து இன்னும் அழுதார். கருமாதி அன்றைக்குக்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. என் முந்தானையை நனைத்துக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது, தம்பி. நீயும் அவரும் ஒன்றுதான். அழுவதற்குப் பதிலாக இரண்டு பேரும் எதையாவது வேண்டாம், வேண்டாம் என்கிறீர்கள். ஆம்பளைகள் துக்கத்தை இப்படித்தான் காக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் அழுதுவிடுகிறேன், அதனால் எனக்குப் பிள்ளையின் பசி கண்ணுக்குத் தெரிகிறது. நீயும் அழுதுவிடு. வினோதினி பார்த்தால் பார்க்கட்டும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உன் பெரியப்பா, "என்னமோ செய்யிங்க. நான் பாக்கல, கேக்கல" என்றார். சரி மாமா என்று திரும்பினேன். பத்தடி போவதற்குள் கூப்பிட்டார்.

"எந்தக் கெழங்கு குடுப்பீங்க?"

"டவுன்ல, கடையில வாங்கிக்கச் சொல்லணும் மாமா."

"கடைக் கெழங்கா! பூச்சி விழுந்ததெல்லாம் கொண்டாந்து கொட்டியிருப்பானுவ. ஏம்மா, ஒனக்குப் புத்தி இருக்கா?"

பார்க்கவில்லை, கேட்கவில்லை என்று சொன்ன மனுஷன், குவியல் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கிழங்காக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து, இந்தப் பையில் போட்டார். உன்னிடம் சொல்லச் சொல்லி அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பை அவருடையது, கிழங்கும் அவருடையது. பெரியப்பா என்ன சொல்வாரோ என்ற பேச்சு இனிமேல் உன் வாயில் வரக்கூடாது. வினோதினியின் தம்பிக்குக் கோபம் வருமோ என்றும் யோசிக்காதே. சோறூட்டுகிற மடி அவனுக்குத்தான், அது எங்கேயும் போய்விடாது.

இனி எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். நீ செய்ய வேண்டும், வினோதினி பார்த்துக்கொள்வாள் என்று நகர்ந்துவிடாதே. முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. நடுத்தரமான கிழங்காக ஒன்றை எடு. ரொம்பப் பெரியதில் நார் ஓடியிருக்கும். பெரியப்பா பார்த்துப் போட்டது என்றாலும் நீயும் ஒரு முறை பார். மேலே சின்ன ஓட்டை, உள்ளே கறுப்புக் கோடு, ஒரு மாதிரிக் கசப்பு வாசனை, இதில் எது இருந்தாலும் முழுக் கிழங்கையும் தூர எறி. கெட்டதை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் போடுவோம் என்று சிக்கனம் பார்க்காதே, பூச்சி ஒரு பக்கம் விழுந்தால் கசப்பு முழுக்க ஓடிவிடும். நல்ல கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலோடு இரண்டாக வெட்டி, இட்லிப் பானையில் வைத்து ஆவியில் வேகவை. தண்ணீருக்குள் முக்கி வேகவைத்தால் இனிப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிச் சொதசொதவென்று ஆகிவிடும். கத்தி முனையால் குத்தினால் தடை இல்லாமல் உள்ளே போக வேண்டும். கொஞ்சமாவது தடுத்தால் இன்னும் வேகட்டும். அவசரப்படாதே, நீ எல்லாவற்றுக்கும் அவசரப்படுகிறவன்.

சூடு பொறுக்கிற அளவுக்கு ஆறியதும் தோலை உரித்து, இரண்டு முனையையும் நறுக்கிவிடு, நார் அங்கேதான் அதிகம். சுத்தமான கிண்ணத்தில் போட்டுக் கரண்டியின் அடிப்பக்கத்தால் மசி. மிக்ஸி வேண்டாம். எத்தனை கழுவினாலும் அந்த ஜாரில் மிளகாய் வாசனை போகாது, கிழங்கும் அதில் அரைத்தால் பசை மாதிரி ஆகிவிடும். மசித்ததைச் சல்லடை வடிகட்டியில் போட்டு ஸ்பூனால் அழுத்தித் தேய். கீழே வழவழவென்று இறங்கும், மேலே நார் நிற்கும். அந்த நார்தான் பிள்ளை தொண்டையில் சிக்கிக் குமட்ட வைப்பது. உன் அப்பாவுக்கு அன்றைக்கு வடிகட்டி தெரியாது, நீ இருமி இருமி அவரை ஒரு வழி பண்ணிவிட்டாய். கீழே இறங்கியதில் வினோதினியின் பாலையே கொஞ்சம் பிழிந்து கலந்துகொள், பழகின வாசனை என்று பிள்ளை வாங்கும். இல்லாவிட்டால் கொதித்து ஆறின தண்ணீர். ஸ்பூனைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடக்கூடாது, அப்பிக்கொண்டும் நிற்கக்கூடாது, மெல்ல வழிந்து இறங்க வேண்டும். உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் போடாதே, கிழங்கிலேயே இனிப்பு இருக்கிறது. யாராவது வந்து நாக்கில் தேன் தடவு என்பார்கள். ஒரு வயசு ஆகிறவரை தேன் ஆகாது என்று நம் ஊர் அங்கன்வாடியில் கண்டிப்பாகச் சொல்கிறார்கள், அதைக் கேள்.

காலையில் தூங்கி எழுந்து, கொஞ்சம் பால் குடித்துவிட்டு விளையாடிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார். நன்றாகக் கத்துகிற பசியில் புதுசு எதையும் எந்தப் பிள்ளையும் வாங்காது. படுக்கப் போட்டு ஊட்டாதே, மடியில் நிமிர்த்தி உட்கார வை. உன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார். முதல் நாள் ஸ்பூன் நுனியில் இரண்டு மூன்று வாய் போதும். மிச்சத்தைச் சாயங்காலத்துக்கு என்று எடுத்து வைக்காதே, நீங்கள் இரண்டு பேரும் வழித்துத் தின்றுவிடுங்கள். மூன்று நாள் இதையே கொடுத்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார். வெளிக்குப் போகிற நிறம் மாறும், அதற்காக ஆஸ்பத்திரிக்கு ஓடாதே. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம். பருப்பு, கேழ்வரகு, கேரட், வாழைப்பழம், முட்டை. இதில் எதுவும் சோறு கிடையாது என்று உன் பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த முறை எடை போடப் போகும்போது நீயும் கூடப் போ. வினோதினி சொன்ன பொய்யை நீயே டீச்சரிடம் எடுத்துச் சொல்லிவிடு, அவள் தலை குனிய வேண்டாம்.

அம்மா வரட்டும், அவள் கையால் ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதே. நான் வந்து ஊட்டினால், அம்மா சொன்னாள், நான் விட்டுவிட்டேன் என்று ஆகிவிடும். உன் மனசுக்குள் அந்த முள் அப்படியே கிடக்கும். உன் கையால் ஊட்டு. நாளைக்கே ஊட்டு.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லி வைக்கிறேன். முதல் வாயை அவள் துப்புவாள். முகத்தைச் சுளித்து, உடம்பைச் சிலிர்த்து, நாக்கால் அப்படியே வெளியே தள்ளுவாள். உன்னை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் உன் மனசு எங்கெங்கோ போகும். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, சாமிக்கு ஆகவில்லை, இது சகுனம் என்று ஸ்பூனைக் கீழே வைத்துவிடப் பார்ப்பாய். வைக்காதே. பாலைத் தவிர வேறு எதுவும் அறியாத நாக்கு, வருகிறதை எல்லாம் தள்ளத்தான் செய்யும். தலையைத் திருப்பிக்கொண்டு அழுதால் மட்டும் விட்டுவிடு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். துப்பிவிட்டு உன் முகத்தைப் பார்த்தாள் என்றால், தாடையில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் எடுத்து உதட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் இரு. நீயாகத் திணிக்க வேண்டாம். அவளே வாயைத் திறப்பாள்.

அம்மா